சுவாமியின் அங்கியில் ஒட்டிய ஓட்ஸ் பிட்டு

சேசு மரி சூசை துணை

புளியந்தீவு,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகன் சுலக்ஷனுக்கு,

தேவ கிருபையால் நான் சுகம். மெல்பேர்ணில் நீயும் மருமகளும் சுகமாயிருக்கச் செபிக்கிறேன். இனி ஒரு திருத்தம். நான் பங்குச் சுவாமியைப் பிட்டால் எறியவில்லை. பிட்டு தானாகவே போனது. உன் அப்பாவின் தங்கை, அடுத்த வீட்டுப் புஸ்பம், டெலிபோனில் சொன்னதை நம்பி, "அம்மா, இனி உங்களத் தனிய விட ஏலாது, வீட்டைப் பூட்டிப்போட்டு இங்க வாங்க" என்று நீ சொன்னது பெரிய அநியாயம்.

நடந்தது இதுதான். இரத்தத்தில் சீனி ஏறும் என் வருத்தத்துக்கு நல்லதென்று நீ அனுப்பிய இரண்டு ஓட்ஸ் டின்னும் வந்து சேர்ந்தன. இரண்டும் ஒரே தானியம். ஸ்டீல் கட் என்பது வெட்டியது. றோல்ட் என்பது அவித்து நசுக்கியது. புஸ்பம் வெட்டியதைக் கையில் அள்ளிப் பார்த்து, "மச்சாள், இது கோழிக்குப் போடுற குறுணலெல்லோ! உங்கட மகன் இதக் காசு குடுத்தா வாங்கினவன்?" என்று சிரித்தாள். கன்னியர் மடத்தில் மனையியல் படித்தவள் நான், பரிசோதிக்காமல் எதையும் சொல்வேனா? முதலில் றோல்ட் ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சினேன். கண்மூடித் திறக்குமுன் வெந்தது, ஆறுமுன் தேர்தல் நோட்டீஸ் ஒட்டும் பசையாகிவிட்டது. குடித்த கோப்பையைக் கழுவி வைக்க வயிறு திரும்பவும் கூப்பிடுகிறது.

மறுகா யோசித்தேன். நாம் பிட்டுத் தின்று வளர்ந்த சனம். பிட்டாகாத தானியம் இந்தக் குசினியில் நிலைக்காது. அந்த றோல்ட்டையே மாவாக அரைத்து, தேங்காய்ப்பூவோடு பிட்டுக் குழலில் போட்டு அவித்தால், அது குழலோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. புஸ்பம் குழலைப் பிடிக்க நான் அகப்பைக் காம்பால் தள்ளினேன். "இன்னும் தள்ளுங்க மச்சாள், இன்னும்!" என்று கத்தியது அவள்தான், அதை உனக்குச் சொன்னாளா? அந்த நேரம் பார்த்து வீடு மந்திரிக்க வந்த சுவாமி தீர்த்தச் செம்போடு குசினி வாசலில் நிற்கிறார். குழலின் வாய் எந்தப் பக்கம் பார்த்ததென்று பிடித்தவளைத்தான் கேட்கவேண்டும். பிட்டு முழுசாகப் பறந்துபோய் வெள்ளை அங்கியில் நெஞ்சுக்கு நேரே பட்டது. விழவில்லை மனே! ஒட்டிக்கொண்டு நின்றது! சுவாமி குனிந்து பார்த்து, கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டு, "அம்மா, உப்புக் காணாது" என்றார்.

அடுத்த நாளே ஸ்டீல் கட்டை எடுத்தேன். வறுத்து, அரைகுறையாக இடித்து, உப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு அவித்தேன். என்ன சொல்ல மனே! பொலபொலவென்று வந்தது! பல்லில் கடிபடுகிறது, வாவி இறால் கறியோடு தின்றால் மத்தியானம் வரை பசியில்லை. சுவாமிக்கும் அனுப்பினேன், இந்த முறை தட்டில். தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது. கோழிக்குறுணல் என்றவள் திரும்பத் திரும்பப் போட்டுத் தின்றாள். போன கிழமை கிளினிக்கில் சீனியும் இறங்கியிருக்கிறது. டொக்டர் பிள்ளை, "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டது. நின்ற நிலையில் செய்முறை சொல்லிக் கொடுத்தேன், லைனில் நின்ற சனமெல்லாம் கேட்டது!

ஆகவே தினமும் காலையில் ஸ்டீல் கட். அவசரமான நாளுக்கு றோல்ட், அதுவும் கஞ்சியாக மட்டும், குழலுக்குக் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது. தன் வயிற்றையும் வருத்தத்தையும் தானே பார்க்கத் தெரிந்த ஒருத்தியைத் தனிய விட ஏலாதென்று இனி ஒருவரும் சொல்ல வேண்டாம். இந்த வாவிக்கரையை விட்டு நான் வரமாட்டேன்.

மருமகளுக்கு என் அன்பைச் சொல். மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானையில் பொத்தி வைத்திருப்பாளாக.

இப்படிக்கு,
அம்மா
மேரி திரேசம்மா

பி.கு.: ஸ்டீல் கட் டின் இன்றோடு முடிந்துவிட்டது, புஸ்பத்தின் தயவு. டவுன் கடையெல்லாம் கேட்டாயிற்று, றோல்ட் மட்டும்தான் இருக்கிறதாம். ஆகையால் நானே வந்து ஒரு பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு வாறன். புஸ்பத்துக்கும் டிக்கெட் போடு. அங்கே குழல் பிடிக்க ஆள் வேண்டும். இரண்டும் போகவர டிக்கெட். டெலிபோனில் சொல்வது காற்றோடு போய்விடும். நாங்கள் திரும்பி வரும் திகதியைக் குறித்து எழுத்தில் பதில் அனுப்பு.