எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதிக்கொள்வது. இங்கு நான் வெள்ளிக்கிழமை வரை நலம். அங்கு நீங்களும் அத்தையும் அதற்குப் பிறகும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அந்தச் சிரிப்பு பக்கத்து சீட் வரை கேட்கும். அதனால்தான் கடிதம்.

எங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் யாரும் வாயால் பேசுவதில்லை. கம்ப்யூட்டரில் ஒரு குழு இருக்கிறது, எதுவானாலும் அதில்தான் எழுதுவார்கள். எனக்கென்றே செய்து வைத்தது போல் இருந்தது. நான் வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள்தானே சொன்னீர்கள், "யார் என்ன சொன்னாலும் ஒரு 'ம்' கொட்டு, இல்லேன்னா திமிருன்னு நினைப்பாங்க" என்று? குழுவில் 'ம்' கொட்ட வழியில்லை. ஒவ்வொரு செய்தியின் கீழும் ஒரு கட்டைவிரல் படம் இருந்தது. மரியாதைக்கு அதை அழுத்தினேன், ஒன்று விடாமல் அழுத்தினேன். கட்டைவிரல் போட்டால் 'இதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அர்த்தமாம். நம் வீட்டில் இதற்கு முன் யார் ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள், சொல்லித் தர?

முதலில் ஃப்ரிட்ஜ் துடைக்கும் பொறுப்பு வந்தது, உள்ளே ஒரு டப்பா, அதன் சொந்தக்காரர் வேலையை விட்டே போய்விட்டிருந்தார், அப்புறம் தொட்டிச் செடிகள், அப்புறம் தீ விபத்து ஒத்திகை, கையில் விசில் கொடுத்தார்கள், நான் ஊதிய ஊதலுக்கு ஒரே ஒருவர் எழுந்து வந்தார், அவரும் டீ வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கடைசியில் கணக்குப் பிரிவு அக்காதான் விஷயத்தைச் சொன்னார். "எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா எப்படிம்மா? மத்தவங்களுக்கும் கொஞ்சம் வேலை மிச்சம் வை."

அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பெரிய மேனேஜர் வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறார், விழாவில் யார் பேசுவது என்று கேட்ட செய்திக்கும் கட்டைவிரல் போட்டிருக்கிறேன், மைக் பிடித்துப் பேசப்போவது நானாம். அவரோடு நான் பேசியது ஒரே ஒரு தடவை. லிஃப்டில் "மூணாவது மாடியா?" என்று கேட்டார். "ம்" என்றேன். நான் போகவேண்டியது இரண்டாவது மாடி.

முடியாது என்று சொல்லலாம்தான். அதையும் அந்தக் குழுவில்தான் எழுத வேண்டும், எல்லாரும் படிப்பார்கள். ஆகவே மாமா, வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசுக்கு போன் செய்து, பஸ்ஸில் "உள்ளே போங்க" என்று டிக்கெட் கிழிப்பீர்களே, அதே குரலில், வீட்டில் அவசரம் என்று சொல்லிவிடுங்கள். என்ன அவசரம் என்பது உங்கள் இஷ்டம். யாரையும் சாகடிக்க மட்டும் வேண்டாம். இனி கட்டைவிரல் பக்கமே போவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாப்பூச்சி

பி.கு.: போன் செய்ய வேண்டாம், மாமா. உறையை ஒட்டுவதற்குள் பெரிய மேனேஜரே குழுவில் எழுதிவிட்டார். அவருக்கும் கூட்டம் என்றாலே கூச்சமாம். பேச்செல்லாம் வேண்டாம், கேக் வெட்டிவிட்டுக் கிளம்பலாம், சம்மதம் என்றால் கட்டைவிரல் போடுங்கள் என்றிருந்தார். எல்லாரும் போட்டார்கள். நான் ஒருத்திதான் சபதத்தைக் காப்பாற்றினேன். கொஞ்ச நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றார். "எனக்காக ஒரு வார்த்தை பேசியே தீரணும்னு நின்னது நீ மட்டும்தாம்மா. உனக்காகவாவது வச்சுக்கலாம்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் என்ன செய்ய? "ம்" என்றேன். பேச்சை அந்த மூன்றாவது மாடியிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.