மேற்குப் பக்கம் மட்டும் வந்த நோய்

புதிதாகப் பட்டம் வாங்கியவர்களிடம் உடம்பு சரியில்லாத எதையும் ஒப்படைக்கக் கூடாது. தாவர நோயியலில் நான் எம்.எஸ்சி. முடித்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு மே மாதத்தில், என்னிடம் ஒரு கள்ளிச்செடியை ஒப்படைத்தார்கள்.

செடி அப்பாவின் ஆபீஸ் டைரக்டருடையது. பஞ்சாபிக்காரர். பூசணிக்காய் அளவில், மஞ்சள் முள்ளோடு, அவர் வீட்டு நிழல் வராந்தாவில் பல வருடங்களாக வளர்ந்தது அது. அதன் அடியில் பழுப்பாக ஒரு புள்ளி வந்திருந்தது. அப்பா ஆபீஸில் என் படிப்பைப் பற்றி ஏகத்துக்கு அளந்து வைத்திருந்தார். அதனால் டைரக்டர் அரசாங்கச் செலவில் குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பும்போது, "உங்கள் மகள் குணமாக்கட்டும்" என்று டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் செடியை அனுப்பிவிட்டார்.

"ஏட்டி, கவனமா பாரு. என் சி.ஆரை அவரு இன்னும் எழுதல," என்றார் அப்பா. சி.ஆர். என்பது மேலதிகாரி எழுதும் வருடாந்தர ரகசிய அறிக்கை. அதில் ஒரு வரி கோணலாக விழுந்தால் அப்பாவின் பதவி உயர்வு அம்பேல்.

நான் பதறவில்லை. புள்ளியின் ஓரத்தைச் சுரண்டி, காலேஜ் லேபில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு பூஞ்சை வித்து தெரிந்தது. (மே மாதத்து டெல்லிப் புழுதிக்கு என் மூக்கைச் சுரண்டி வைத்திருந்தாலும் அது தெரிந்திருக்கும்.) நோட்டை எடுத்து எழுதினேன்:

1. மற்றச் செடிகளிடமிருந்து விலக்கி மொட்டை மாடியில் வைக்கவும்.
2. தண்ணீரை நிறுத்தவும்.
3. நாள் முழுவதும் வெயில். பூஞ்சை தாங்காது.
4. தினமும் கந்தகப் பொடி.

டெல்லிக்கு வந்து பதினைந்து வருடமாகியும் திருநெல்வேலித் தமிழ் மாறாத அம்மா, பட்டியலை மதிக்கவில்லை.

"வத்தல் காயப்போட மேல போனா எனக்கே கண்ணு இருட்டுது. அதுக்கு இருட்டாதா?"

"அம்மா, அது பாலைவனச் செடி."

"உங்கப்பாகூடத்தான் திருநெல்வேலி வெயில்ல பொறந்தவரு. அதுக்காக மாடியிலயா நிக்க வைக்கேன்?"

விஞ்ஞானம் படிக்காதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஒன்று அப்போது என்னிடம் இருந்தது. அதைச் சிரித்தேன்.

நான்காம் நாள் வெளிறிய திட்டுகள். ஆறாம் நாள் அவை பழுப்பாயின. "நோய் பரவுகிறது" என்று பதிவு செய்து, கந்தகத்தை இரட்டிப்பாக்கினேன். திட்டுகளும் இரட்டித்தன. சுட்ட கத்திரிக்காய்க்கு மஞ்சள் பூசியதுபோல ஆனது செடி. அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்போடு மாடிக்கு ஓடுவார்.

பதினைந்தாம் நாள், ஊரிலிருந்து திரும்பிய டைரக்டர், அப்பா பின்னால் ஓடிவர, நேரே மாடிக்கு வந்துவிட்டார். நான் மூன்று பக்க அறிக்கையை நீட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு தொட்டியை மெதுவாகத் திருப்பினார். சுவரைப் பார்த்திருந்த பாதி, பளபளவென்று பச்சை.

"அச்சா பேட்டா," என்று ஹிந்தியில் மிகப் பணிவாகக் கேட்டார், "இந்த நோய்க்குத் திசையெல்லாம் தெரியுமா? மேற்குப் பக்கம் மட்டும்தான் வருமா?"

மத்தியான வெயில் முழுவதும் மேற்கிலிருந்துதான் வரும் என்பது அப்போதுதான் உறைத்தது. நிழலிலேயே வளர்ந்ததை ஒரே நாளில் டெல்லி வெயிலில் தூக்கி வைத்தால்? ஓடிப்போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்து வந்தேன். பூஞ்சை அத்தியாயம் எனக்கு மனப்பாடம். (தேர்வுக்கு அதுதான் வரும் என்றார்கள்.) அதற்கு அடுத்த பக்கத்தை, அப்பா கண்ணாலேயே "வேண்டாம்" என்று கெஞ்சக் கெஞ்ச, உரக்கப் படித்தேன். முதிர்ந்த கள்ளியின் அடிப்பாகம் பட்டைபோலப் பழுப்பாவது இயற்கை, சிகிச்சை வேண்டாம். கடும் வெயிலில் கந்தகம் தூவினால் செடி கருகும்.

"அப்படியென்றால் சார், வரும்போது இதற்கு நோயே இல்லை," என்றேன். "மற்றதெல்லாம் நான் செய்தது."

அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். டைரக்டர் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, என் அறிக்கையின் ஓரத்தில், ஆபீஸ் கோப்பில் எழுதுவதுபோலவே குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "பார்த்தேன். நோயாளியை நிழலுக்கு மாற்றவும். டாக்டரையும்."

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடிப் புறாக்கள் பறந்தன.

"நான் அப்பமே சொன்னேம்லா," என்றாள் அம்மா, இரண்டு படி கீழே நின்று.

சி.ஆரில் மோசமாக எழுதியிருந்தால் மட்டும்தான் அப்போது கடிதம் வரும். மூன்று மாதம் அப்பா தபால்காரரைக் கண்டாலே குளியலறைக்குள் போய்விடுவார். கடிதம் வரவில்லை. பதவி உயர்வு வந்தது.

போன வருடம் மே மாதத்தில் எனக்குக் கல்யாணம். போட்டோக்காரர் எங்களைப் புல்வெளியில் நிறுத்தியதும், பந்தலுக்குள்ளிருந்து அப்பா கத்தினார்: "ஏய்யா, மொதல்ல டாக்டரை நிழலுக்கு மாத்துங்க!"

மாப்பிள்ளை விழித்தார். அங்கேயே, மாலையும் கழுத்துமாக, கதை முழுவதும் அவருக்குச் சொல்லப்பட்டது. அதிலிருந்து நான் நோட்டைத் திறந்து "1" என்று எழுத ஆரம்பித்தாலே போதும். அவர் எழுந்துபோய், ஜன்னல் திரையை இழுத்து விடுகிறார்.