‘நாளைக்கு’ என்றொரு படகு

படகின்மேல் ஒட்டிய பைபர் துணிக்கடியில், பெயருக்கு நேர் மேலே வந்து நின்றது அந்தக் காற்றுக் குமிழி.

மெல்ரோய் கட்டும் படகு பத்து மாதமாக முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. எப்போது முடியும் என்று மனைவி டிலக்ஷி கேட்கும்போதெல்லாம், "நாளைக்கு" என்பான். அதையே படகின் பெயராக முகப்புப் பலகையில் பென்சிலால் எழுதிவிட்டுச் சிரித்தாள். அடுத்த மாதம் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள்.

எபொக்சி றெசின் என்ற பிசின் ஊறினால் பைபர் துணி கண்ணாடி போலாகும். எழுத்து அழியாமல் அதற்குள் இருக்கும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். கடலில் இறக்குவதெல்லாம் பிறகு.

"குமிழியைப் பிளேட்டால கீறி றெசினை ஊத்துங்க, தம்பி," என்றார் பக்கத்து வீட்டு சரீப் நானா. திருகோணமலைத் துறைமுகக் கரையில் முப்பது வருஷமாக மீன்பிடிப் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். "ஹாட்னரை ரெண்டு மடங்கு விடுங்க. டக்கெண்டு இறுகும்."

"டின்னில அளவு போட்டிருக்கு, நானா."

"டின்னா படகு கட்டுது?"

நானா சொன்னபடியே விட்டான். கோப்பை கையிலேயே புகைந்தது. அவசரமாக ஊற்றினான். மறுநாள் அந்த இடம் தொதல் அல்வா மாதிரிப் பிசுபிசுத்தது.

"எங்கட மீன்பிடிப் படகு றெசின் இப்பிடிச் செய்யாதே!" என்றார் நானா. "தின்னர் போட்டுத் துடைப்பம்."

துடைத்தார்கள். துணி பாலாய் வெளுத்தது.

"சுரண்டினாச் சரி."

சுரண்டினார்கள். துணி உரிந்து வந்தது. பென்சிலும் கூடவே வந்தது. ‘நா’ மட்டும் மிஞ்சியது. நானா அதைத் தின்னர் துணியால் கவனமாகத் துடைத்துவிட்டார்.

"ஊத்தையெண்டு நினைச்சிட்டன், தம்பி."

மெல்ரோயின் கையிலிருந்த சுரண்டி விழுந்து படகுக்கு அடியில் போனது.

"ரெண்டு ஏச்சு ஏசுங்களன். மனசு ஆறும்."

"ஏலாது, நானா."

சுரண்டியை எடுக்க நானாவே குனிந்து உள்ளே போனார். வெயில் நேரங்களில் டிலக்ஷி அந்த நிழலுக்குள்தான் படுத்திருப்பாள், றெசினோடு வந்த செய்முறைப் புத்தகத்தை வரிவரியாக வாசித்துக்கொண்டு. அவள் போன பிறகு மெல்ரோய் அங்கே குனிந்ததில்லை.

போன் வெளிச்சம் அங்கும் இங்கும் அசைந்து ஓரிடத்தில் நின்றது. நானா வெளியே வரவில்லை.

"என்ன நானா, கிடைக்கேல்லையா?"

"தம்பி... உள்பலகை முழுக்கப் பென்சில் எழுத்து," என்றது குரல். "‘ஹாட்னரைக் கூட்டாதீங்கோ. சரீப் நானா வந்தால் தேத்தண்ணி மட்டும் குடுத்து அனுப்புங்கோ.’"