கேமரா சுற்றிப் போகவில்லை

எதுவும் நாலு பேருக்குச் செய்து காட்டும்போதுதான் கெட்டுப்போகும். தினமும் ஒழுங்காக ஊதுகிற குக்கர், விருந்தாளி வந்த அன்று ஊதாது. என் விஷயத்தில் கெட்டுப்போனது ஒரு கேமரா. அதுவும் நிஜக் கேமரா இல்லை, கணினிக்குள் இருக்கிற கேமரா.

சிதம்பரத்தில் புரதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு மருந்து, ஒரு புரதத்தின் முதுகுப் பக்கக் குழியில் போய் இறுக்கமாக உட்காருகிறது என்பதுதான் விஷயம். (இந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு தலையணை கனத்துக்கு எழுதியிருந்தேன்.) அதைச் சபையில் விளக்கிப் பட்டம் வாங்குகிற கடைசிப் படிக்கு வைவா என்று பெயர். எங்கள் பக்கம் வைவா என்றால் பாதி தேர்வு, பாதி காதுகுத்து. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். என் தாய்மாமா திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தன் வேனிலேயே சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். போதாக்குறைக்குப் பெண்ணாடத்திலிருந்து ஒருவரையும் அழைத்திருந்தார். அவருடைய மகள் கவிதாவை எனக்குக் கேட்டிருந்தோம். "பையன் டாக்டர் ஆவுறத நேர்லயே வந்து பாருங்க" என்று மாமா சொல்ல, அவரும் வெள்ளை வேட்டியில் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். பட்டம் கிடைத்தால் பெண்ணும் கிடைக்கும் என்பது பேசாமலே பேசப்பட்டிருந்தது.

என் பேராசிரியர் முன்பே சொன்னார். "முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம். அது போதும்யா. வித்தையெல்லாம் வேணாம்."

நான் கேட்கவில்லை. வருங்கால மாமனார் வருகிறார், வெறும் படத்தையா காட்டுவது? கணினியில் வரைந்த முப்பரிமாணப் புரதத்தைக் கேமரா மெல்ல வலம் வந்து பின்பக்கக் குழியில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மென்பொருளில் அது சுலபம். கேமராவை ஓரிடத்தில் நிறுத்திப் பதிய வேண்டும், பிறகு இன்னோர் இடத்தில் நிறுத்திப் பதிய வேண்டும். இடைப்பட்ட பயணத்தை மென்பொருளே போட்டுக்கொள்ளும். புரதத்துக்கு முன்னால் ஒன்று பதிந்தேன், பின்னால் ஒன்று பதிந்தேன். பக்கவாட்டில் எதையும் பதியவில்லை. தேவை என்றே தோன்றவில்லை. சன்னதிக்கு முன்னால் நிற்பவனைப் பின்பக்கம் போகச் சொன்னால் பிரகாரத்தைச் சுற்றித்தானே போவான்? கருவறைக்குள் புகுந்து போகிற ஜென்மம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மென்பொருளுக்குத் தெரிந்ததோ நேர்கோடு ஒன்றுதான்.

என் பழைய மடிக்கணினியில் அதை ஓட்டினால் திக்கித் திணறும். ஆகவே தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தேன். இரண்டும் பிரமாதமாக இருந்தன.

வைவா அன்று, வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் இட்லியும் கொத்சும் சாப்பிட்டுவிட்டு நல்ல மனநிலையில் இருந்தார். "இப்போது புரதத்தை வலம் வருவோம்" என்று அறிவித்து ஓடவிட்டேன். புரதம் கிட்டே வந்தது. இன்னும் கிட்டே வந்தது. இனிமேலாவது திரும்பும் என்று எல்லோரையும்போல நானும் எதிர்பார்த்தேன். திரை முழுக்கப் பச்சையானது. அடுத்த கணம் எல்லோரும் புரதத்தின் வயிற்றுக்குள் இருந்தோம். பின்பக்கம் போனதும் கேமரா திரும்பி நின்று பார்க்க வேண்டும் அல்லவா, அந்தத் திரும்பலையும் அது உள்ளே வைத்தே தொடங்கிவிட்டது. சுருள் சுருளாக என்னென்னவோ முகத்துக்கு நேரே வந்தன. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ள பூந்துட்டான்" என்றார் மாமா, நிதானமாக. அங்கே இல்லாத பிரேக்கை அவருடைய வலது கால் மிதித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க" என்றார் தேர்வாளர். நிறுத்தினேன். "கொஞ்சம் பின்னால போங்க. அங்கதான். மருந்துக்கு அடியில என்ன இவ்ளோ எடம் காலியா கெடக்கு? இறுக்கமா உக்காருதுன்னு எழுதியிருக்கீங்களே?"

பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் கச்சிதமாகத் தெரிந்த குழி, உள்ளிருந்து பார்த்தால் கூட்டமில்லாத டவுன் பஸ் மாதிரி விசாலமாக இருந்தது. அத்தனை காலமும் நான் வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தால்தான் பட்டம் என்று சொல்லிவிட்டார்கள். மாமா கொண்டுவந்த பொன்னாடை பிரிக்கப்படாமலே வேனுக்குத் திரும்பியது. கவிதாவின் அப்பா சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, "பட்டம் வரட்டுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்று பஸ் ஏறினார். அன்று நான் சாப்பிடவே இல்லை.

திருத்தி முடிப்பதற்குள் ஆடி போய்த் தை வந்துவிட்டது. பட்டமும் வந்தது. மனிதர் சொன்ன சொல் தவறவில்லை, பெண்ணைக் கொடுத்தார்.

தாலி கட்டியதும் அக்னியை வலம் வர எழுந்தோம். மாமனார் அருகில் வந்து என் தோளைப் பிடித்தார். ஏதோ புத்திமதி சொல்லப்போகிறார் என்று பணிவாகக் குனிந்தேன்.

"மாப்ள, இத சுத்திகினு போவணும். நேரா போயிடாதீங்க."

முகத்தில் சிரிப்பே இல்லை. ஐயரின் மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. கவிதா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கல்யாண வீடியோவைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பெண்ணுக்கு என்ன அவ்வளவு அவசரம் என்று கேட்கிறார்கள்.

"அவசரமெல்லாம் இல்ல. இவர நம்ப முடியாது" என்கிறாள் அவள். இன்றும் கோயிலில் சன்னதியைத் தாண்டும்போது என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள்.