ஆறரைக்கு மேல் போகாத மனிதர்

எதற்கும் பத்துக்கு ஆறரைக்கு மேல் மார்க் போடாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவர் தேனி அல்லிநகரத்தில் இருக்கிறார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்கலாம். தெருவில் விசாரித்தால் கிடைக்காது. எல்லோருக்கும் அவர் ஆறரை அண்ணன்.

ஒருமுறை மேகமலைக்கு அழைத்துப் போனோம். வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து நிற்கிற இடத்தில் இவர் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆறரை" என்றார். "ஏண்ணே?" என்று கேட்டோம். "பாதிய மேகம் மறைச்சிருச்சு. பாக்காத பாதிக்கு எப்பிடிலே மார்க் போடுறது?"

பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதே கதைதான். பெண்ணின் மாமா ஒரு பேச்சுக்கு, "பொண்ணு எப்பிடி மாப்ளே?" என்று கேட்க, பழக்க தோஷத்தில் இவர் "ஆறரை" என்றுவிட்டார். காபித் தட்டோடு நின்ற பெண்தான் வாயைத் திறந்தார். "பத்துக்குத்தான? நான் ஒங்களுக்கு அஞ்சுதான் போட்டேன்." அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். அவர்தான் எங்கள் மதினி.

அண்ணனுக்கு வேலை போடியில், ஏலக்காய்க் கடையில் தரம் பார்ப்பது. மற்ற நேரமெல்லாம் வீடியோ கேம் விமர்சனம். அதிலும் எல்லா கேமையும் தொடமாட்டார். அவருடைய சேனலில் ஒவ்வொரு வீடியோவும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "வணக்கம். இது சுமாரான கேமுக்கான எடம். சூப்பர் கேம் தேடி வந்தவுக அங்கிட்டுப் போயிருங்க."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டிருக்கிறேன். "நல்ல கேம தூக்கி வச்சு ஆட ஊரே இருக்கு. மோசமான கேம கிண்டல் பண்றதுக்கும் ஆளு இருக்காக. சுமாருக்கு யாருலே இருக்கா? ஏழு மார்க் தொட்ட கேம நான் அன்னைக்கே போன்லருந்து அழிச்சிருவேன். அதுக்கு என் தொண தேவையில்ல."

அவருடைய விமர்சன முறை ஏலக்காய்க் கடையில் கற்றது. மூட்டையில் மேலாக நல்ல பெரிய காயைப் பரப்பிவிட்டு, உள்ளே விதையில்லாத பொக்கைத் திணித்துக் கொண்டுவரும் ஆட்கள் உண்டு. அதனால் அண்ணன் மேலே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கையை முழங்கை வரை மூட்டைக்குள் விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். கேமுக்கும் அதே சட்டம். முதல் லெவலுக்கு மார்க் கிடையாது, கடைசி லெவலுக்கும் கிடையாது, நடுவில் மூன்றே மூன்று லெவல்தான். அவருக்கு கேம் அனுப்புகிற சின்னச் சின்ன கம்பெனிக்காரர்கள், எல்லா லெவலையும் திறந்துவைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

இன்னொரு விஷயம், அண்ணனால் உட்கார முடியாது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடந்துகொண்டேதான் ஆடுவார். சார்ஜர் வயர் பின்னாலேயே இழுபட்டு வரும். மதினி அதைத் தாண்டித் தாண்டியே வீட்டு வேலை செய்வார். வீடியோவில் முகம் தெரியாது, செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். சரக் சரக்கென்று வேகமாகக் கேட்டால் அஞ்சு, நிதானமாகக் கேட்டால் ஆறரை என்று அவர் சொல்வதற்கு முன்பே ரசிகர்கள் கீழே எழுதிவிடுவார்கள்.

இவரிடம் போய் நான் மாட்டிக்கொண்டதுதான் இந்தக் கதை.

எனக்கு ஊர் சின்னமனூர். அப்பாவுக்கு அங்கே பெயிண்ட் கடை. எனக்குப் பெயிண்ட் வாசனையே ஆகாது. கேம் செய்யப் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். வீட்டில் இருந்தால் அப்பாவின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் அல்லிநகரத்தில் ஒரு மாடி அறை எடுத்தேன். கீழ் வீடு ஆறரை அண்ணனுடையது. "தை பொறக்குறதுக்குள்ள ஒன் கேம் தேறணும். இல்லைன்னா கல்லாவுல வந்து ஒக்காரு" என்று அப்பா கெடு வைத்திருந்தார்.

நான் செய்த கேமின் பெயர் மலை ஜீப். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஜீப் ஓட்ட வேண்டும். பதினெட்டு வளைவு, பதினெட்டு லெவல். வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்னால் இருப்பவர் வாந்தி எடுப்பார், பாயிண்ட் போய்விடும். கோயம்புத்தூரில் ஒரு கேம் கம்பெனிக்கு அனுப்பினேன். அவர்கள் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கே வாந்தி வந்தது. "யார்கிட்டயும் விலைபோகாத விமர்சகர் உங்க ஊர்லயே இருக்காரே. அவர் ஏழு போடட்டும், நாங்க வெளியிடுறோம்."

ஏழு! கட்டிய மனைவிக்கே ஆறரை போட்டவரிடம் ஏழு!

அப்போதுதான் எனக்கு அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. அவர் பார்க்கப் போவது நடுவில் மூன்று லெவலைத்தானே? ஒன்பது, பத்து, பதினொன்றாவது வளைவுகளில் என் உயிரைக் கொட்டினேன். பனி இறங்கும், மழை சாயும், திருப்பத்தில் யானை நின்று காதை ஆட்டும். ஜீப்பின் வைப்பர் சத்தத்துக்கு மட்டும் ஒரு வாரம் செலவழித்தேன். மற்ற பதினைந்து வளைவுகளிலும் ஒரே மரம், ஒரே பாறை. மூன்றாவது வளைவில் நடு ரோட்டில் ஒரு கல் கிடந்தது. ஏன் கிடந்தது என்று எனக்கே தெரியாது.

கேமைக் கொடுத்தேன். வழக்கமாக இரண்டு நாளில் தீர்ப்பு வந்துவிடும். நான்கு நாள் ஆயிற்று, வரவில்லை. கீழே செருப்புச் சத்தம் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வேகமா நிதானமா என்று தரையில் காதை வைத்துக் கேட்டேன். இரண்டும் மாறி மாறிக் கேட்டது. என்னாலும் உட்கார முடியவில்லை. அவர் கீழே நடக்க, நான் மேலே நடந்தேன். மதினி மாடிப்படியில் நின்று, "ஒருத்தருக்கே சோறு பொங்கி முடியல, இங்கன இன்னொண்ணு நடக்குதே" என்று தலையில் அடித்துக்கொண்டார். என் அம்மா, கேம் என்றால் என்னவென்று தெரியாமலேயே, சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் தீபம் போட்டுவிட்டு வந்தார்.

பதினோராம் நாள் காலையில் வீடியோ வந்தது.

"வணக்கம். இந்தத் தடவ நானே என் சட்டத்த மீறிட்டேன். மூட்டையில மேலயும் பாத்தேன், நடுவுலயும் பாத்தேன், அடி வரைக்கும் கைய விட்டேன். பதினெட்டு வளைவும் ஏறி எறங்கியாச்சு. நடுவுல இருக்கு பாருங்க, அம்புட்டும் பெரிய காயி. வாசம் தூக்குது. மேலயும் கீழயும் பொக்கு." செருப்புச் சத்தம் நின்றது. "நான் இம்புட்டு வருசமா மூட்டை பாக்குறேன். எல்லாரும் மேலாக்க நல்ல காயப் போட்டுத்தான் ஏமாத்துவாக. நடுவுல போட்டு ஏமாத்துன மொத ஆளு இவன்தான். ஆறரை."

படியில் இறங்கினேனா உருண்டேனா தெரியாது.

"அரை மார்க்குண்ணே! அரை மார்க்குல என்னைய பெயிண்ட் கடைக்கு அனுப்பிட்டீகளே!"

"நடுவ மட்டும் பாத்திருந்தா ஏழரை போட்டிருப்பேன்" என்றார், நடந்துகொண்டே.

"அப்பறம் எதுக்குண்ணே முழுசா ஆடுனீக? எவன் கேமயும் முழுசா ஆடாதவுக, எங்கிட்ட வந்து ஏண்ணே?"

அவர் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார். "ஒன் கேமுல்ல" என்றார்.

அந்தப் பதில் அன்று எனக்குப் புரியவில்லை. கோபம்தான் வந்தது. மதினியிடம்கூடச் சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு சின்னமனூர் பஸ் ஏறினேன். அம்மாவுக்கு மட்டும் ஏக சந்தோஷம். "ஏழரை ஒன்னயத் தொடாம ஆறரையோட போச்சே, எல்லாம் குச்சனூரான் புண்ணியம்" என்றார். கோயம்புத்தூர் கம்பெனி கையை விரித்தது. நானே கேமை வெளியிட்டுவிட்டு, கல்லாவில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் போன் செய்தால் எடுப்பதில்லை.

யார் யார் ஆடுகிறார்கள் என்று கேம் செய்தவனுக்குத் தெரிகிற பக்கம் ஒன்று உண்டு. முதல் வாரம் நண்பர்கள் நான்கைந்து பேர் ஆடினார்கள். அப்புறம் ஒருவருமில்லை. ஒருவருமில்லை என்று சொல்லக் கூடாது. ஒரே ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். தினமும் காலையில், போடி பஸ் புறப்படுகிற நேரத்தில், முதல் வளைவில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏறுவார். மூன்றாவது வளைவில் அந்தக் கல்லில் தினமும் முட்டுவார். முட்டிவிட்டுத் திரும்பவும் ஏறுவார்.

நான்கு மாதம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து அந்தக் கல்லை எடுத்தேன். இரண்டாவது வளைவில் ஒரு டீக்கடை வைத்தேன். ஐந்தாவதில் நான்கு வகை மரம் நட்டேன். ஒரே ஓர் ஆளுக்காக.

கொஞ்ச நாள் கழித்து போன் வந்தது. இந்த முறை எடுத்தேன். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம்.

"ஏலே, மூணாவது வளைவுல கல்ல எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேண்ணே."

"டீக்கடையில ஒரு ஆளு வடை திங்கிறானே, அது யாரு?"

"நீங்கதாண்ணே. நின்னுக்கிட்டே திங்கிறான் பாருங்க."

செருப்புச் சத்தம் நின்றது. நாற்காலியை இழுக்கிற ஓசை கேட்டது. ஆறரை அண்ணன் உட்கார்ந்துவிட்டார்!

"இப்ப எம்புட்டுண்ணே?" என்றேன்.

"ஆறே முக்கால்."

எதிரே மஞ்சள் டிஸ்டம்பர் கேட்டு ஒருவர் நின்றிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளையை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது மாதத்துக்கு ஒரு வளைவு சரிசெய்கிறேன். பதினாறு வரை முடிந்துவிட்டது. மீதி இரண்டையும் முடித்தால் ஏழு வந்துவிடும், எனக்கே தெரிகிறது. ஏழு வந்த கேமை அன்றைக்கே அழித்துவிடுகிற மனிதர் அவர். அதனால் பதினேழாவது வளைவில், நடு ரோட்டில், ஒரு கல்லைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். அதை மட்டும் நான் எடுக்கவே மாட்டேன்.