மாப்பிள்ளை வீட்டு முகவரியில் ஒரு வாஷிங் மிஷின் கடை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே தாங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தின் முதல் பக்கம் முடியும்வரையாவது நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும். ஆபீசுக்கு எடுத்துப் போய்ப் படிக்க வேண்டாம், அங்கே யார் கண்ணிலும் படவும் வேண்டாம். கடிதத்தைக் கொண்டுவந்தவர் லாரி டிரைவர். அவர் கொஞ்ச நேரம் கீழேயே நிற்கட்டும். லாரியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காதீர்கள், நானே முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி சர்வீஸ் பிரிவை இழுத்து மூடி என்னை வீட்டுக்கு அனுப்பியது தங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் பாட்டுக்கு வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் மீட்டர் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்து, அக்கம்பக்கத்து வாஷிங் மிஷின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் பெண்கள் விடுதி வார்டனம்மா கூப்பிட்டனுப்பினார். அங்கே பதினெட்டு மிஷின் இருக்கிறது, மாப்பிள்ளை! வருஷம் பூராவும் பழுது பார்க்கிற வேலை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஆனா சும்மா குடுக்க முடியாதுங்க. உங்க பேர்ல தொழில் பதிவு பண்ணின சர்டிபிகேட் வேணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குவோம்" என்றார். ஓடினேன் கம்ப்யூட்டர் சென்டருக்கு. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது, உங்களுக்கும் சேர்த்து.

சென்டரில் தட்டச்சு செய்கிற அம்மா நல்லவர்தான். "தனிநபர் தொழில்தானே சார்? ரொம்ப ஈஸி. எல்லாமே ஒரே ஆள். தப்பே வராது" என்றார். முதல் கேள்வியிலேயே வந்துவிட்டது. "தொழில் நடக்குற இடம்?" என்று கேட்டார். "படிக்கட்டுக்கு அடியில" என்றேன். "அப்படியே போட்டுரவா?" என்று அவர் நிஜமாகத்தான் கேட்டார், ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு பெரிய பெரிய வீடுகளுக்குள் போய் வந்தவன் நான். வாசலிலேயே என்னை "வாங்க இன்ஜினியர்" என்று கூப்பிட்டவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பில் எனக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத் தங்கள் குடியிருப்பு முகவரி வாயில் வந்து நின்றது. பிளாக் எண், நாலாவது மாடி, வீட்டு எண், எல்லாம் கடகடவென்று சொன்னேன். சொல்லும்போதே ஒரு கம்பீரம் வந்தது. பின்னால் சிரிப்பும் நின்றது.

ஒரு தப்பு செய்தால் அது போய்த் தன் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும் என்பது அப்புறம்தான் புரிந்தது. "அந்த இடத்துல பொறுப்பான நபர் யாரு?" என்று அடுத்த கேள்வி. பொறுப்பான நபர் என்று கேட்டால் எனக்குத் தங்களைத் தவிர வேறு யாரைத் தெரியும்? தங்கள் பெயர், வயது, வேலை, பதவி, அலுவலகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உங்ககிட்ட எத்தனை பேர் வேலை செய்றாங்க?" என்றார். மிஷினுக்குள் குனியும்போது உங்கள் அத்தைதான் டார்ச் பிடிப்பாள், எனவே ஒருவர் என்றேன். இது தெரிந்ததிலிருந்து அவள் சம்பளம் கேட்டு என்னைப் பிடுங்கி எடுக்கிறாள், அது தனிக் கதை. "தொழில் தொடங்கின தேதி?" என்றபோது மட்டும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் முதலாக ஒரு மிஷினைத் தனியாகப் பிரித்து மாட்டி ஓடவிட்ட நாள் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அந்தத் தேதியைச் சொன்னேன். அந்தப் படிவம் முழுவதிலும் நான் யோசிக்காமல், உள்ளது உள்ளபடி சொன்ன பதில் அது ஒன்றுதான்.

செல்போன் எண்ணும் தங்களுடையதுதான். என் போனின் கண்ணாடி உடைந்து பாதி எழுத்து தெரியாமல் கிடக்கிறது. சனிக்கிழமை தாங்கள் போனை வீட்டில் வைத்துவிட்டு முடி வெட்டப் போயிருந்தீர்களே, அப்போது மகளைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லும்மா" என்றேன்.

"இதை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குப்பா."

"யாருக்கும்னா ஊர்ல இருக்கறவனுக்கும்மா. நான் உங்க அப்பன்."

"இப்பல்லாம் குரலை மாத்திப் பேசி ஏமாத்துறாங்க. என் முழங்கால்ல தழும்பு எப்படி வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

"சைக்கிள்ல இருந்து விழுந்த."

"தப்பு!" என்று போனை வைத்துவிட்டாள். பெற்று வளர்த்தவன் திருடனாகிப் போனேன். அப்புறம் உங்கள் அத்தை கூப்பிட்டு, "மேஜை முனையில இடிச்சுக்கிட்டியேடி, எனக்கு மறக்குமா?" என்று சொன்ன பிறகுதான் எண் கிடைத்தது. எதற்கு என்று மகள் கேட்டதற்கு, "சும்மா ஒரு சர்வீஸ் விஷயம்" என்று மழுப்பிவிட்டேன். ஆகையால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கோபப்படுவதாக இருந்தால் என்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலை பதிவு அலுவலகத்து அம்மா எனக்கே போன் செய்தார். தங்கள் எண்ணைப் பலமுறை கூப்பிட்டும் எடுக்கவில்லையாம். சென்டரில் கேட்டு என்னைப் பிடித்திருக்கிறார். "வியாழக்கிழமை காலையில கடையைப் பாக்க ஆள் வருவாங்க. அந்தப் பொறுப்பாளர் இன்னொரு எடத்துல வேலை பாக்குறாரே, அவங்க ஆபீஸ்ல அனுமதி வாங்கியிருக்காரா?" என்று கேட்டார். நான், "அவரு தங்கமான மனுஷன், மேடம்" என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. அப்போது வாயில் அதுதான் வந்தது.

மாடி வீட்டு ரிட்டயர்டு சூப்பிரண்டிடம், ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல, "ஆபீஸ்ல வேலை பாக்குற ஒருத்தர் வீட்ல கடை இருந்தா என்னாகும்?" என்று கேட்டேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அனுமதி இல்லாமலா? விளக்கம் கேப்பான். பிரமோஷன் நேரமா இருந்தா அது போச்சு. மேல இருக்கற ஆள் சரியில்லேன்னா வேலைக்கே வேட்டு வெச்சுருவான்" என்றார். உங்கள் பிரமோஷன் அடுத்த மாதம் என்று மகள் சொன்னது அப்போது பார்த்து ஞாபகம் வர வேண்டுமா? படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். எனக்கு வேலை போனபோது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அது உங்களுக்கு என் கையால் வந்துவிடக் கூடாது, மாப்பிள்ளை. நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் பொய்த் தகவல் கொடுத்ததற்கு என்னைப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம். அதனால் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். லாரியில் இரண்டு வாஷிங் மிஷின்களும் ஒரு தகரப் பலகையும் இருக்கின்றன. மிஷின்களை உங்கள் கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். லிப்டில் ஏற்ற விடமாட்டார்கள், நாலு மாடிதானே, இரண்டு இரண்டு படியாக வைத்து வைத்துத் தூக்கினால் வந்துவிடும். வெள்ளை மிஷின் ஒழுகும். கறுப்பு மிஷின் சுற்ற ஆரம்பித்தால் நடக்கும், ஒரு தடவை எங்கள் வாசல் கதவு வரை போய்விட்டது. மகளைத் தொட விடாதீர்கள், இரண்டுமே வாடிக்கையாளர்களுடையவை. ஆள் வரும்போது தாங்கள் வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பொறுப்பாளர் எங்கே என்று கேட்பார்கள். இருக்கவும் கூடாது, இருந்தால் ஆபீசுக்குப் போகாமல் கடை நடத்துகிறீர்கள் என்று எழுதுவார்கள். இந்த ஒரு இடத்தை மட்டும் தாங்களே யோசித்துச் சமாளித்துக்கொள்ளவும். தாங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்பதுதான் என் பெரிய கவலை. கல்யாணப் பேச்சின்போதே, "எனக்குக் காலையில கோபம் வரும்" என்று எங்களிடம் சொன்னவர் தாங்கள். வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும், பேசாமல் தலையை ஆட்டினாலே போதும்.

இவ்வளவு எழுதியதற்கு இதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டு மிஷின் நின்றுபோனபோது கம்பெனி ஆளைக் கூப்பிட்டீர்களாமே. மாமனாரிடம் வேலை வாங்குவது மரியாதையில்லை என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியும். ஆனாலும் வலித்தது. என்னைக் கூப்பிட்டிருந்தால், அன்றைக்கு அந்தச் சென்டரில் படிக்கட்டு என்று சொல்ல எனக்கு நா கூசியிருக்காது என்று தோன்றுகிறது.

தாங்களும் மகளும் சகல சௌபாக்கியங்களுடன், பிரமோஷனுடன், குறைந்தது இப்போதிருக்கிற வேலையுடனாவது நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம். உங்கள் அத்தை தனியாக ஆசி சொல்லச் சொன்னாள். பேச முகமில்லாததால் போன் செய்யவில்லை.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் அழித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். லாரியில் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது அலுவலகத்து அம்மா மறுபடியும் கூப்பிட்டார். "அந்தக் கட்டடம் கட்டியே ஆறு வருஷம்தான் ஆகுது. நீங்க இருபத்திரண்டு வருஷமா அங்க எப்படிக் கடை வெச்சிருந்தீங்க? அந்தப் பொறுப்பாளர் அப்போ மூணாம் கிளாஸ் படிச்சிருப்பார் சார்!" என்று கேட்டார். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்களாம். ஆள் வரமாட்டார்கள், உங்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. நடந்ததையெல்லாம் அந்த அம்மாவிடமே கொட்டிவிட்டேன். "படிக்கட்டுக்கு அடியிலதான் வேலைன்னா அதையே எழுதுங்க. கம்பெனியை விட்ட தேதிக்கு அப்புறம் எப்போ ஆரம்பிச்சீங்களோ அந்தத் தேதியைப் போடுங்க. நாளைக்கே சர்டிபிகேட் வந்துரும்" என்றார்.

மிஷின்களை இறக்கியாயிற்று. டிரைவர் எப்படியும் உங்கள் பக்கம் சரக்கு எடுக்கத்தான் வருகிறார், "ஏதாவது குடுங்க, வெறும் வண்டியா போக வேணாம்" என்றார், அதனால் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். ஒரு முழு லாரியில் ஒரு கடிதம் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். கம்பெனி ஆள் வந்து போன பிறகும் உங்கள் வீட்டு மிஷின் சத்தம் போடுவதாக மகள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன். இனிமேல் பதிவு பெற்ற தொழில் என்பதால் மாப்பிள்ளை என்று பார்க்காமல் பில் போடுவேன். தனிநபர் தொழில் என்றால் தனி ஆளாகத்தான் வர வேண்டும், அப்படியே வருகிறேன். உங்கள் அத்தையும் கூட வருகிறாள், டார்ச் அவளிடம்தான் இருக்கிறது.