டீக்குத் தீர்ப்புச் சொல்கிறவர்

உலகத்தில் டீ குடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. கொடுத்ததை வாங்குவார்கள், குடிப்பார்கள், டம்ளரை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு ரகம். இவர் டீ குடிக்க மாட்டார், டீயை விசாரிப்பார்.

டம்ளர் கைக்கு வந்ததும் வாயில் வைத்துவிட்டால் அவர் இந்த ரகம் இல்லை என்று நீங்கள் தைரியமாகப் பழகலாம். இவர் முதலில் டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, அரிசியில் கல் பார்க்கிற மாதிரி பார்த்து, லேசாக ஒரு சுற்றுச் சுற்றி, மூக்குக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, பக்கத்துப் பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்து உட்காருகிற சத்தத்தில் ஒரே ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார். அதோடு நிறுத்திவிடுவார். விழுங்குவதற்கும் பேசுவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் விடுவார் பாருங்கள், அப்போதுதான் மாஸ்டருக்கு வேர்க்கும்.

"பரவால்ல."

அவ்வளவுதான் வரும். நல்லா இருக்கிறது என்று சொன்னால் குடியா முழுகிவிடும்? முழுகாது. ஆனால் நல்லா இருக்கிறது என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதற்கு இவர் எதற்கு?

இந்த ரகத்தைப் பற்றி உனக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நானும் கண்ணாடி பார்த்துத்தான் முகம் மழிக்கிறேன்.

என்னை விடுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் வந்தால் காவலூரில் கோபால்சாமியைப் பாருங்கள். இந்த ரகத்தில் முழுதாக விளைந்தவர் அவர். வயது ஐம்பத்துநாலு, படிப்பு அஞ்சாங்கிளாஸ், தொழில் லோடு வண்டி. மலையிலிருந்து புளியும் சாமையும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு ஒருநாள் திருப்பத்தூர், ஒருநாள் ஒடுகத்தூர் என்று இறங்குவார். போகும்போது மூன்று டீ, வரும்போது மூன்று டீ. இருபது வருஷமாக இதே கணக்கில் குடித்தவர் சும்மா இருப்பாரா? திருப்பத்தூர் டீக்கு நிறம் உண்டு, குணம் இல்லை. ஒடுகத்தூர் டீக்கு மணம் உண்டு, ஆனால் பாதி டம்ளர் நுரை. மலைத்தண்ணியில் போட்ட டீ நாக்கின் நுனியில் நிற்கும், கீழ்த்தண்ணியில் போட்ட டீ தொண்டையில் போய் நிற்கும். இப்படி ஒரு புராணமே வைத்திருந்தார். இது சரியா தப்பா என்று யாரும் கேட்டதில்லை. டீ எங்கே போய் நின்றால் என்ன என்று வண்டிக்கு முன்னால் நின்று வாதாட யாருக்கு நேரம்?

இஞ்சி, ஏலக்காய், மசாலா என்று எதையாவது போட்ட டீ என்றால் அவருக்குத் தனிக் கோபம். டீக்குள்ள இன்னொண்ணு போட்டா அது கஷாயம் என்பார். ஆனால் ஒன்றையும் விட்டதில்லை. மலையைச் சுற்றிப் பார்க்க வந்த பெங்களூர்க்காரர் ஒருவர், வண்டி ரிப்பேரில் உதவினதற்காக ஸ்ட்ராபெர்ரி வாசனை போட்ட டீப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். நூல் கட்டின அந்தச் சின்னப் பையைக் கோபால்சாமி தூக்கிப் பார்த்தார்.

"டீத்தூளுக்குக் கோவணம் கட்டிக்கிறானுங்க" என்றார். பிறகு சுடுதண்ணியில் முக்கி, உறிஞ்சி, கண்ணை மூடி, தீர்ப்புச் சொன்னார்: "வாசனை பரவால்ல. சக்கரை தூக்கல்."

அதில் சர்க்கரையே போடவில்லை என்று அந்த மனுஷர் சொல்லிப் பார்த்தார். கோபால்சாமி கேட்கவில்லை. போட்டவர்கள் எல்லாம் போடவில்லை என்றுதான் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

எந்த ஊர்க் கடையானாலும், தூள் மாறினாலும், மாஸ்டர் மாறினாலும், இந்த ஒரு தீர்ப்பு மட்டும் மாறாது. சக்கரை தூக்கல். வீட்டிலும் அதுதான். அவர் மனைவி நீலாவதி, கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு ஸ்பூனை அரை ஸ்பூனாக்கி, அரையைக் கால் ஆக்கி, அப்புறம் அவர் டம்ளரில் எதைப் போடுகிறோம் என்று பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

விஷயம் இதோடு இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். போன தை மாதம் காவலூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பஞ்சாயத்து ஒரு சின்னக் கடை கட்டியது. ஊருக்கு மேலே இருக்கிற வானாராய்ச்சி நிலையத்துப் பெரிய தொலைநோக்கியைப் பார்க்க வருகிற ஜனம், பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம் எல்லோருக்கும் டீ கொடுக்க ஒரு மகளிர் குழுவுக்கு அதைத் தருவதாகப் பேச்சு. நீலாவதி இருந்த குழுவில் பதினோரு பெண்கள். வருஷம் பூராவும் ஊரான் வாசலில் வெயிலில் உட்கார்ந்து புளி உடைத்து நகம் கறுத்தவர்கள். தலைக்கு மேல் சொந்தமாக ஒரு தகரம், அதற்குக் கீழே நின்றபடி ஒரு வேலை என்பதுதான் அவர்களுடைய ஆசை. பக்கத்து ஊர்க் குழுவும் கேட்டிருந்தது. அந்தப் பெண்கள் போண்டாவில் பெயர் வாங்கினவர்கள். திருப்பத்தூரிலிருந்து சசிகலா என்கிற அதிகாரி வெள்ளிக்கிழமை வருவார், இரண்டு குழுவின் கைப்பக்குவத்தையும் பார்ப்பார், யாருக்கு என்று அன்றே எழுதுவார்.

நீலாவதி குழு நான்கு டீ என்று முடிவு செய்தது. சாதா டீ, இஞ்சி டீ, ஏலக்காய் டீ, பால் இல்லாமல் எலுமிச்சைப்புல் போட்ட டீ. புல் அவர்கள் வேலியிலேயே விளைகிறது. எல்லாம் சரி, ருசி பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே? குழுத் தலைவி பச்சையம்மா, முறையில் கோபால்சாமிக்கு மச்சினி, "நம்ம மாமா இருக்கறப்ப நாம எதுக்கு வெளிய தேடணும்" என்றாள். நீலாவதி வேண்டாம் என்றாள். பத்துப் பேர் வேண்டும் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை கோபால்சாமி வந்தார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். வெளியே குழாயடிக்குப் போய் வாயைக் கொப்புளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாலு டம்ளரையும் வரிசையாக வைக்கச் சொன்னார். தூக்கிப் பார்த்து, சுற்றி, மோந்து, உறிஞ்சி, நாலுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு. புதன்கிழமை சர்க்கரையைப் பாதியாக்கிக் கொடுத்தார்கள். "இன்னும் தூக்கல்." வியாழக்கிழமை ஒரு குண்டான் டீக்கு இரண்டு கைப்பிடி போட வேண்டிய இடத்தில் ஒரு சிட்டிகை.

"இப்பத்தான் வழிக்கு வர்றீங்க" என்றார் கோபால்சாமி.

நீலாவதி தன் பங்குக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, சப்பென்று இருக்கிறதே என்றாள். நாக்குப் பழகவில்லை, அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று அவர் விளக்கினார். மற்ற பெண்களும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். எல்லோருக்கும் சப்பென்றுதான் இருந்தது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பத்து ஊர் டீ குடித்த மனுஷன் சொல்கிறார், புளி உடைக்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்று அவரவர் நாக்கை அவரவரே அடக்கிக்கொண்டார்கள். நம்மைப் போன்றவர்கள் இந்த உலகத்தில் எப்படிக் காலம் தள்ளுகிறோம் என்று நினைக்கிறீர்கள்? இப்படித் தலையாட்டுகிறவர்கள் தயவில்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. சசிகலா பக்கத்து ஊரில் போண்டா தின்றுவிட்டு முகமெல்லாம் திருப்தியாக வந்து இறங்கினார். கோபால்சாமிக்கு அன்று ஒடுகத்தூரிலிருந்து வர நேரமாகிவிட்டது. அவர் வண்டியை நிறுத்துவதற்கும் அந்த அம்மா முதல் டம்ளரை எடுப்பதற்கும் சரியாக இருந்தது.

ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. அடுத்த டம்ளர். அடுத்தது. எலுமிச்சைப்புல் டீயைத் தொட்டுவிட்டு வைத்தார்.

"சர்க்கரை போட மறந்துட்டீங்களாம்மா?" என்றார். அதட்டிக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். பாவம் பார்த்துக் கேட்டார்.

பதினோரு பேரும் கோபால்சாமியைப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை. "குடுங்க, நான் பாக்கறேன்" என்று முன்னால் வந்து, குழாயடிக்குப் போக நேரமில்லாததால் எல்லோர் எதிரிலேயே சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு மென்று, ஒரு டம்ளர் தண்ணியால் கொப்புளித்துத் துப்பிவிட்டு, டீயை உறிஞ்சினார்.

"இனிப்பாத்தான கீது?"

நீலாவதி அவர் கிட்டே வந்தாள். "வாயில இன்னா போட்ட?"

"நெல்லி வத்தல். நாக்கு சுத்தமாவணும் இல்ல? எங்க டீ குடிச்சாலும் முன்னாடி ஒரு துண்டு மெல்றதுதான்."

 மலையில் எல்லோர் வாயிலும் ஏதாவது ஒன்று இருக்கும். ஒருவருக்கு வெற்றிலை, ஒருவருக்குக் கடுக்காய். புருஷன் வாயில் என்ன இருக்கிறது என்று இருபத்தெட்டு வருஷத்தில் எந்தப் பெண்டாட்டி எட்டிப் பார்த்திருப்பாள்?

பச்சையம்மாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத சிரிப்பு. "ஏன் மாமா, நெல்லிக்கா தின்னுட்டுக் கொழாத்தண்ணி குடிச்சா இனிக்கும்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்குத் தெரியும். அஞ்சாவது வரைக்கும் போனியே, உனக்குச் சொல்லித் தரலயா?"

கோபால்சாமிக்கும் தெரியும். தண்ணி இனிக்கும் என்று தெரியும். டீயும் தண்ணிதான் என்பது மட்டும் இருபது வருஷமாகத் தோன்றவில்லை.

சசிகலா பையை எடுத்து மாட்டிக்கொண்டார். போண்டாக் குழு பக்கத்து ஊரில் காத்திருந்தது. "இந்த டீயை யாரும்மா ருசி பார்த்தது? குழுவுல ஒருத்தருக்குக் கூடவா தெரியல?" என்று கேட்டார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.  பச்சையம்மா கூட அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் நம் ரகத்து ஆள் என்ன செய்வார் தெரியுமா? தூள் சரியில்லை என்பார். பால் சரியில்லை என்பார். காற்று திரும்பி அடிக்கிறது என்பார். கோபால்சாமி வாயில் அத்தனையும் வந்தது. வந்ததை விழுங்கினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இவங்க மேல தப்பில்லீங்க மேடம். இவங்க போட்ட டீ நல்ல டீதான். நான்தான் ருசி பாக்கறேன்னு வந்து கொறைக்கச் சொன்னேன். இருவது வருசமா மலை மேலயும் கீழயும் எல்லாக் கடை டீக்கும் தீர்ப்பு சொல்லிட்டு வர்றேன். அதுல ஒண்ணக் கூட இன்னும் நான் குடிக்கல போல. ஒரு பத்து நிமிசம் இருந்து பாருங்க."

சசிகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படிப் போவது? உட்கார்ந்தார்.

நீலாவதி குண்டானைத் தூக்கி முழு டீயையும் வேலி ஓரம் கொட்டினாள். புதுத் தண்ணி வைத்தாள். யாரையும் கேட்கவில்லை, எதையும் அளக்கவில்லை. கை போட்டதுதான் கணக்கு. புல்லைக் கிள்ளிப் போட்டு மூடி, கொதி அடங்கியதும் வடித்துக் கொடுத்தாள். சசிகலா ஒரு டம்ளர் குடித்தார். சாதா டீயும் ஒரு டம்ளர் குடித்தார். பேனாவை எடுத்தபோது மூன்றாவதாக இஞ்சி டீ கையில் இருந்தது. போண்டாவுக்குப் பக்கத்து ஊர் போதும், டீக்கு இங்கே என்று எழுதிக்கொண்டார்.

விஷயம் கோபால்சாமிக்கு முன்னால், அவர் தினமும் முதல் டீ குடிக்கிற கூட்டுரோட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் அவர் அங்கே டீக்கடை வைத்திருக்கிற மாதையன் எதிரில் போய் நின்று, இனி எனக்கும் எல்லோருக்கும் போடுகிற மாதிரியே சர்க்கரை போடு என்றார். மாதையன் பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"நீ கத்தறது தாங்காமத்தான் உனக்குச் சக்கரையே நிறுத்தினேன்ணா. ஏழு வருசம் ஆவுது. அதுக்கப்புறமும் தூக்கல் தூக்கல்னு சொல்லிட்டுத்தான் போய்க்கினு இருந்த."

கோபால்சாமி அன்று அங்கே டீ குடிக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனார். குழாயில் மூன்று தடவை வாயைக் கொப்புளித்தார். புதுக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நீலாவதி ஒரு டம்ளர் டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் அங்கேயே நின்றாள். அவர் வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை. மோந்து பார்க்கவில்லை. குடித்தார். பாதியில் நிறுத்தி என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் மீதியையும் குடித்தார்.

"இன்னா, எப்பிடிக் கீது?" என்றாள் அவள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

நீலாவதி திரும்பி நின்றுகொண்டுதான் ஊற்றினாள். முகத்தைக் காட்டவில்லை.

கோபால்சாமியைப் பார்த்துச் சிரித்தாயிற்று. இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். இன்று காலை உங்கள் வீட்டில் டீயோ காப்பியோ கொடுத்தார்களே, கொடுத்தவர் நீங்கள் முதல் வாய் குடிக்கிற வரைக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரா? நின்றிருந்தால் உங்களுக்கும் அந்த வியாதி தொட்டிருக்கிறது, இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நிற்காமல் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாரா? சந்தோஷப்படாதீர்கள். அது முற்றின நிலை.

என் வீட்டில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது.